டிவிக்கும் ஒரு புனிதர் இருக்கிறார்: ‘சொத்தே வேண்டாம்’ என்று 40 வருடம் போப்களிடம் மல்லுக்கு நின்ற கிளாரா யார்?

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பது ஒரு டிவி சேனலின் இணையதளத்தில். அதனால் டிவியில் இருந்தே தொடங்கிவிடலாம். மீனவர்களுக்கு, டாக்டர்களுக்கு, பயணிகளுக்கு எனக் கத்தோலிக்க திருச்சபையில் தனித்தனி பாதுகாவலர்கள் உண்டு. அதேபோல டிவிக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் கிளாரா. இத்தாலியின் அசிசி நகரத்துக்காரர். 1958-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இதை அறிவித்தார்.

விஷயம் என்னவென்றால், கிளாரா இறந்தது 1253-ல். டிவி என்ற பேச்சுக்கே வழியில்லாத காலம். பிறகு எப்படி இந்தப் பட்டம்? அதைப் பிறகு பார்க்கலாம். ஏனென்றால் அவர் வாழ்க்கையில் டிவி கதை ஒரு ஓரம்தான். நடுவில் இருப்பது வேறு கதை. மற்ற மடங்கள் எல்லாம் நிலம் வேண்டும், வரிச்சலுகை வேண்டும் என்று போப்பிடம் மனு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ‘எங்களுக்கு எதுவும் சொந்தமாக இருக்கக் கூடாது, அதற்கு உத்தரவு கொடுங்கள்’ என்று கேட்டவர் இவர். அந்த உத்தரவு முழுமையாகக் கைக்கு வந்து சேர 40 வருடம் ஆனது.

யார் இந்த கிளாரா?

1193 அல்லது 1194-ல் பிறந்தவர். அப்பா ஃபவரோனே, அம்மா ஒர்த்தொலானா. அசிசியின் மேல்தட்டுப் பிரபுக் குடும்பம். வீடு, ஊரின் பேராலயமான சான் ருஃபினோ இருக்கும் சதுக்கத்திலேயே. குதிரை ஏறிப் போர் செய்யும் ஆண்கள் நிறைந்த வீடு அது. அம்மா பக்தி மிகுந்தவர். ரோம், புனித பூமி என்று அந்தக் காலத்திலேயே நெடுந்தூர யாத்திரை போய் வந்தவர்.

கிளாரா சிறுமியாக இருந்தபோதே அசிசி கொதித்துக்கொண்டிருந்தது. 1198-ல் மக்கள் ஊருக்கு மேலே இருந்த கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். பிரபுக்களுக்கும், புதிதாகப் பணம் பார்த்த வியாபாரிகளுக்கும் நேரடி மோதல். பிரபுக் குடும்பங்கள் பக்கத்து நகரமான பெருஜாவுக்கு ஓடின. கிளாராவின் குடும்பமும் அதில் ஒன்று. 1202-ல் அசிசிக்கும் பெருஜாவுக்கும் சண்டை நடந்தபோது, அசிசி தரப்பில் போரிட்டுப் பிடிபட்டு பெருஜா சிறையில் கிடந்தவர்களில் ஒரு துணி வியாபாரியின் மகனும் இருந்தார். பெயர் பிரான்சிஸ்.

ஆம், அதே அசிசியின் பிரான்சிஸ்தான். பின்னாளில் எல்லாவற்றையும் துறந்து, அப்பா கொடுத்த உடையைக்கூட கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறியவர். கிளாராவின் குடும்பமும் பிரான்சிஸின் குடும்பமும் எதிரெதிர் முகாம். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படித்தால்தான் அந்த வீட்டில் எவ்வளவு பெரிய பூகம்பம் வந்திருக்கும் என்பது புரியும்.

குருத்து ஞாயிறு இரவு

பெண்ணுக்குக் கல்யாண வயது வந்ததும் வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். கிளாரா பிடி கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம் பிரான்சிஸின் பேச்சைக் கேட்டு, அவரை ரகசியமாகச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தார். தன் பங்குச் சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். உறவினர்களே கூடுதல் விலைக்குக் கேட்டும் அவர்களுக்கு விற்கவில்லை என்று, அவரோடு மடத்தில் இருந்த ஒரு சகோதரி பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார். ஏழைக்குப் போக வேண்டியது சுற்றிவளைத்து மறுபடி குடும்பத்துக்கே வந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது சாதாரண தெளிவு இல்லை.

1212-ம் ஆண்டு என்று பொதுவாகச் சொல்லப்படும் குருத்து ஞாயிறு. கோயிலில் எல்லாப் பெண்களும் எழுந்து போய் குருத்தோலை வாங்கினார்கள். கிளாரா இருந்த இடத்திலேயே நின்றார். ஆயர் படி இறங்கி வந்து அவர் கையில் ஓலையைக் கொடுத்தார். அன்று இரவே கிளாரா வீட்டை விட்டு வெளியேறினார். முன்வாசல் வழியாக இல்லை. மரக்கட்டையும் கல்லும் போட்டு அடைத்து வைத்திருந்த வேறொரு வாசல். அந்தக் கட்டைகளைத் தன் கையாலேயே நகர்த்தி வழி செய்தாராம்.

ஊருக்குக் கீழே சமவெளியில் போர்சியுங்குலா என்ற சின்னஞ்சிறு கோயில். அங்கே பிரான்சிஸும் அவருடைய சகோதரர்களும் விளக்கோடு காத்திருந்தார்கள். பிரான்சிஸ் அவர் தலைமுடியை வெட்டினார். பட்டாடை போய் முரட்டுத்துணி வந்தது. ஆண்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் தங்க முடியாது என்பதால், பக்கத்தில் பெனடிக்ட் சபைப் பெண்துறவிகள் இருந்த சான் பாவ்லோ மடத்தில் சேர்த்தார்கள்.

குடும்பத்தார் சும்மா விடுவார்களா? ஆள் படையோடு வந்தார்கள். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். கிளாரா பலிபீடத்தின் துணியைப் பிடித்துக்கொண்டு, தலையில் இருந்த முக்காட்டை விலக்கி மொட்டைத் தலையைக் காட்டினார். இனி பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

சுமார் இரண்டு வாரத்தில் தங்கை கத்தரீனாவும் வீட்டை விட்டு வந்து சேர்ந்தார். இம்முறை பெரியவர்கள் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தே போகப் பார்த்தார்கள். திடீரென அவள் உடல் தூக்க முடியாத கனமாகிவிட்டது என்கிறது கிளாராவின் பழைய வாழ்க்கை வரலாறு. பிரான்சிஸ் அவளுக்கு ஆக்னஸ் என்று பெயர் வைத்தார். பின்னாளில் இன்னொரு தங்கை பெயாத்ரிச்சேயும் வந்தார். கடைசியில் அம்மா ஒர்த்தொலானாவே மகளின் மடத்தில் சேர்ந்துவிட்டார்.

சொத்து இல்லாமல் மடம் நடத்த முடியுமா?

சில மாதங்களில் பெண்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே இருந்த சான் தாமியானோ என்ற கோயிலில் குடியேறினார்கள். பிரான்சிஸ் தன் கையாலேயே கல் சுமந்து பழுதுபார்த்த கோயில் அது. கிளாரா சாகும்வரை அங்கேதான். ஒரு கட்டத்தில் சுமார் 50 பெண்கள் அங்கே இருந்தார்கள்.

இங்கேதான் முக்கியமான சிக்கல். அன்றைய ஐரோப்பாவில் பெண்கள் மடம் என்றால் எப்படி நடக்கும்? நிலம் இருக்கும், குத்தகை வரும். மடத்தில் சேரும் பெண் தன்னோடு சீர் போல ஒரு தொகையைக் கொண்டு வருவாள். அதனால் மடத்தில் நல்ல இடம் பெரும்பாலும் பணக்கார வீட்டுப் பெண்களுக்குத்தான். வீட்டில் இருந்த மேல் கீழ் அப்படியே மடத்துக்குள்ளும் வந்துவிடும்.

கிளாரா இது வேண்டாம் என்றார். தனிநபர் பெயரில் மட்டுமல்ல, மடத்தின் பெயரிலும் நிலம் கூடாது, நிலையான வருமானம் கூடாது. உழைப்பும், வெளியே இருந்து கிடைக்கும் பிச்சையும் போதும். பிரான்சிஸின் ஆண் சகோதரர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். பெண்கள் மட்டும் ஏன் முடியாது?

ரோமின் கவலையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் ஊர் ஊராகப் போகலாம், வேலை செய்யலாம், கையேந்தலாம். மடத்துச் சுவருக்குள் அடைந்து கிடக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? போர் வந்தால், பஞ்சம் வந்தால் பட்டினிதான். ஆனால் அவர்கள் வெளியே போகக் கூடாது என்று கறாராக விதி போட்டதும் அதே ரோம்தான். மொரோக்கோவில் 1220-ல் பிரான்சிஸ்கன் சகோதரர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, தானும் அங்கே போக வேண்டும் என்று கிளாரா துடித்ததாகச் சாட்சியம் இருக்கிறது. சுவருக்குள் அடங்கி இருக்கவே பிறந்தவர் மாதிரி தெரியவில்லை.

1215-ல் நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், இனிமேல் புதிய துறவற விதிகள் கிடையாது, ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் பிரான்சிஸ் வற்புறுத்தியதால் கிளாரா மடத் தலைவி பொறுப்பை ஏற்றார். விருப்பமே இல்லாமல். பிறகு கர்தினால் ஹூகோலினோ இந்த மாதிரிப் பெண்கள் மடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு விதித்தொகுப்பு கொடுத்தார். கடுமையான அடைப்பு, கடுமையான மௌனம் எல்லாம் இருந்தன. கிளாரா கேட்ட வறுமை மட்டும் இல்லை.

போப்புக்கே ‘நோ’

1226 அக்டோபர் 3-ல் பிரான்சிஸ் இறந்தார். உடலை ஊருக்குள் கொண்டு போகும் வழியில் சான் தாமியானோவில் நிறுத்தினார்கள். சகோதரிகள் கம்பி ஜன்னல் வழியாகக் கடைசியாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கிளாரா தனியாகத்தான் நிற்க வேண்டியிருந்தது. அவருக்கு அப்போதே உடம்பு முடியாது. வாழ்க்கையின் கடைசி 28 வருடங்கள் பெரும்பாலும் நோயோடுதான் போயின.

1227-ல் கர்தினால் ஹூகோலினோவே போப் ஆனார், ஒன்பதாம் கிரகோரி என்ற பெயரில். அடுத்த வருடம் பிரான்சிஸுக்குப் புனிதர் பட்டம் கொடுக்க அசிசிக்கு வந்தவர், கிளாராவிடம் நேரிலேயே பேசினார். காலம் சரியில்லை, கொஞ்சம் சொத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், நானே தருகிறேன் என்றார். எடுத்த சபதம்தான் தடை என்றால், அதில் இருந்து உங்களை விடுவித்து விடுகிறேன் என்றும் சொன்னார்.

கிளாராவின் பதில் இன்றும் பேசப்படுவது. என் பாவங்களில் இருந்து விடுவியுங்கள், கிறிஸ்துவைப் பின்பற்றுவதில் இருந்து விடுதலை எனக்கு வேண்டவே வேண்டாம் என்ற பொருளில் சொல்லிவிட்டார். போப் இறங்கி வந்தார். 1228 செப்டம்பர் 17-ல் எழுத்துபூர்வமாக உத்தரவு வந்தது: சொத்தை வாங்கிக்கொள்ளும்படி இவர்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இதற்கு ‘வறுமைச் சலுகை’ என்றே பெயர். சலுகை என்ற சொல் இதைவிட விசித்திரமான இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதோடு முடியவில்லை. 1230-ல் அதே போப், தன் அனுமதி இல்லாமல் பிரான்சிஸ்கன் சகோதரர்கள் பெண்கள் மடங்களுக்குப் போகக் கூடாது என்று தடை போட்டார். அவர்கள்தான் வந்து மறையுரை நிகழ்த்துவார்கள். வேறு சில சகோதரர்கள் வெளியே பிச்சை எடுத்து இவர்களுக்கு உணவு கொண்டுவந்து தருவார்கள். கிளாரா என்ன செய்தார் தெரியுமா? ஆன்மாவுக்கு உணவு தருபவர்கள் வரக் கூடாது என்றால், வயிற்றுக்கு உணவு தருபவர்களும் வேண்டாம் என்று அவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். இன்றைய பாஷையில் சொன்னால் உண்ணாவிரதப் போராட்டம். செய்தி போனதும் போப் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டார்.

சாப்பாடு, தூக்கம், வேலை

கிளாரா இளவயதில் தன்னை ரொம்பவே வருத்திக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடமாட்டார். வெறும் தரையிலும் திராட்சைக் குச்சிகள் மீதும் தூக்கம். கடைசியில் பிரான்சிஸும் ஆயரும் சேர்ந்து, தினமும் கொஞ்சமாவது ரொட்டி சாப்பிட வேண்டும், வைக்கோல் மெத்தையில் படுக்க வேண்டும் என்று உத்தரவே போட வேண்டியதாயிற்று.

ஆனால் மற்றவர்களிடம் அவர் அப்படி இல்லை. குளிர் இரவுகளில் எழுந்து போய், தூங்கும் சகோதரிகளுக்குப் போர்வை போர்த்திவிடுவார். வெளியே பிச்சைக்குப் போய் வருபவர்களின் கால்களைக் கழுவுவார். படுக்கையில் விழுந்த பிறகும், முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்காரவைக்கச் சொல்லி நூல் நூற்றார். அதில் நெய்த துணிகள் சுற்றுவட்டாரக் கோயில்களின் பலிபீடங்களுக்குப் போயின.

பிராகா நகரில் ஆக்னஸ் என்று ஒரு இளவரசி. பொஹேமியா மன்னரின் மகள். பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் வரனையே வேண்டாம் என்று சொல்லி, 1234-ல் கிளாராவின் வழியில் துறவியானவர். அவருக்கு கிளாரா எழுதிய நான்கு கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்றில், நம் உடம்பு பித்தளை இல்லை, கல்லும் இல்லை, பட்டினியை அளவோடு வைத்துக்கொள் என்ற பொருளில் அறிவுரை சொல்கிறார். தன் அனுபவத்தில் இருந்து சொன்னது என்றுதான் படுகிறது. இந்த ஆக்னஸுக்குப் புனிதர் பட்டம் கிடைக்க 1989 நவம்பர் 12 வரை ஆனது. அடுத்த சில நாட்களில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான பெரும் போராட்டம் வெடித்தது.

1240: வாசலில் படை

ஓவியங்களில் கிளாராவைக் கண்டுபிடிப்பது சுலபம். கதிர்கள் வீசும் நற்கருணைப் பாத்திரத்தைக் கையில் உயர்த்திப் பிடித்திருப்பார். எதிரே வீரர்கள் அஞ்சி ஓடுவார்கள்.

நடந்தது 1240 செப்டம்பரில். பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்குக்கும் போப்புக்கும் சண்டை. பேரரசரின் படையில் இருந்த வீரர்கள் சான் தாமியானோ சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததால் பழைய நூல்கள் ‘சரசேனியர்’ என்று எழுதுகின்றன. அதை வைத்து இதை மதச்சண்டையாகப் படித்தால் தப்பு. அனுப்பியவர் ஒரு கிறிஸ்தவப் பேரரசர், சண்டை போப்போடு.

கூட இருந்த சகோதரிகள் சொன்ன சாட்சியம் ஓவியத்தைவிட எளிமையானது. நோயாளியான கிளாராவைக் கைத்தாங்கலாகச் சாப்பாட்டு அறை வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். நற்கருணை இருந்த சின்னப் பெட்டியை முன்னால் வைக்கச் சொன்னார். தரையில் விழுந்து ஜெபித்தார். இந்தப் பெண்களைக் காப்பாற்று என்று அழுதார். வீரர்கள் யாருக்கும் தீங்கு செய்யாமல் போய்விட்டார்கள். அடுத்த வருடம் அசிசி நகரமே முற்றுகையில் இருந்து தப்பியது. அதையும் ஊர் கிளாராவின் ஜெபத்தின் கணக்கில்தான் எழுதியது. இன்றும் ஜூன் 22-ல் அசிசியில் அதற்கு விழா உண்டு.

சரி, அந்த டிவி கதை?

1252 கிறிஸ்துமஸ் இரவு. எல்லோரும் ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். எழ முடியாத கிளாரா மட்டும் தனியாகப் படுத்திருந்தார். அப்போது, ஊரின் மறுபக்கம் இருந்த புனித பிரான்சிஸ் பேராலயத்தில் நடந்த வழிபாட்டின் பாடலும் இசையும் அவர் காதில் விழுந்ததாம். அங்கிருந்த குடிலையும் பார்த்தாராம். சுவரிலேயே படம் போலத் தெரிந்ததாகத்தான் இன்று பலரும் சொல்கிறார்கள். தூரத்தில் நடப்பதை இருந்த இடத்திலேயே பார்த்தது, கேட்டது. அதனால்தான் 1958-ல் அந்தப் பட்டம். 1981-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு கத்தோலிக்க டிவி சேனலைத் தொடங்கிய மதர் ஆஞ்சலிகா, கிளாராவின் சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரிதான்.

கடைசி இரண்டு நாள்

1247-ல் போப் நான்காம் இன்னொசென்ட் புதிதாக ஒரு விதி கொடுத்தார். அதில் மடங்கள் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இத்தனை வருடம் போராடியும் மறுபடி முதலில் இருந்து. கிளாரா இந்த முறை மனு போடவில்லை. விதியைத் தானே எழுத உட்கார்ந்தார். பெண் துறவிகளுக்காக ஒரு பெண்ணே எழுதி, போப்பின் ஒப்புதல் பெற்ற முதல் விதி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

வறுமை அதன் நடுநாயகம். ஆனால் எனக்குப் பிடித்தது, அதிகாரத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதுதான். மடத் தலைவி வாரம் ஒருமுறையாவது எல்லோரையும் கூட்டிப் பேச வேண்டும். மடத்தின் நன்மை பற்றிய விஷயங்களில் எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் கடவுள் பல சமயம் சின்னவர்களுக்குத்தான் நல்லதைக் காட்டுகிறார். எல்லோரும் சம்மதிக்காமல் பெரிய கடன் வாங்கக் கூடாது. தலைவி சரியில்லை என்றால் சகோதரிகளே வேறொருவரைத் தேர்ந்தெடுக்கலாம். 13-ம் நூற்றாண்டில் இது!

1252 செப்டம்பர் 16-ல் கர்தினால் ரைனால்தோ ஒப்புதல் கொடுத்தார். போப்பின் ஒப்புதல் மட்டும் பாக்கி. கிளாரா சாகக் கிடந்தார். பிரான்சிஸின் பழைய தோழர்கள் லியோ, ஆஞ்சலோ, ஜூனிப்பர் பக்கத்தில் இருந்தார்கள். போப்பே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1253 ஆகஸ்ட் 9-ல் போப்பின் ஆணை எழுதப்பட்டது. கிளாரா கையில் அது வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 11-ல் இறந்தார்.

அடக்கச் சடங்கில், இறந்தவர்களுக்கான ஜெபத்துக்குப் பதில் புனித கன்னியருக்கான ஜெபத்தைப் பாடலாமே என்று போப் சொன்னாராம். அதாவது அங்கேயே புனிதர் ஆக்கிவிடலாம் என்று. கர்தினால் ரைனால்தோதான் அவசரம் வேண்டாம் என்று தடுத்தார். அதே ரைனால்தோ அடுத்து போப் நான்காம் அலெக்சாண்டர் ஆகி, 1255-ல் கிளாராவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். கிளாரா என்றால் லத்தீனில் ஒளி மிக்கவள், தெளிவானவள். அந்தப் பட்டத்தின் ஆணை முழுக்க இந்தப் பெயரை வைத்துச் சிலேடையாக விளையாடுகிறது. தமிழ் படித்தவர்களுக்கு ரசிக்கும்.

ஜெயித்தது நிலைத்ததா?

முழுசாக இல்லை. அவருடைய விதி சான் தாமியானோவுக்கும் வேறு சில மடங்களுக்கும்தான் பொருந்தியது. 1263-ல் போப் நான்காம் அர்பன் இன்னொரு விதி கொண்டுவந்தார். அதில் சபைக்கு ‘புனித கிளாராவின் சபை’ என்று பெயர் வைத்தார், கூடவே சொத்து வைத்துக்கொள்ளவும் அனுமதித்தார். பெரும்பாலான மடங்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டன. 15-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் கோலெட் என்ற துறவி வந்துதான் பழைய வறுமையை மறுபடி பல மடங்களுக்குக் கொண்டுவந்தார்.

அசிசியில் கிளாராவுக்காகவே கட்டிய பேராலயத்துக்கு 1260-ல் அவர் உடல் கொண்டுபோகப்பட்டது. ஆழத்தில் புதைத்து மூடியிருந்த கல்லறையைத் தோண்டி எடுத்தது 1850-ல். கேரளத்தில் வாழ்ந்து 2008-ல் இந்தியாவின் முதல் பெண் புனிதரான அல்போன்சா இருந்தது, இவர் பெயரைத் தாங்கிய பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில்தான். அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் சாந்தா கிளாரா நகரமும் இவர் பெயர்தான். எதுவுமே சொந்தமாக வேண்டாம் என்றவர் பெயர் சிலிக்கான் பள்ளத்தாக்கில் போய் நிற்கிறது.

போப் 1253-ல் கொடுத்த அந்த மூல ஆணை பல நூறு வருடம் எங்கே என்றே தெரியாமல் இருந்தது. 1893-ல் அசிசி மடத்தில், நினைவுப்பொருளாகப் பத்திரப்படுத்தியிருந்த கிளாராவின் உடை ஒன்றுக்குள் கிடைத்தது. அதன் மேல் யாரோ பழைய கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்: கிளாரா இதைத் தொட்டு, பல முறை முத்தமிட்டார் என்று.